வேப்பெண்ணெய் தடவிய கால்

போர்வைக்குள்ளிருந்து வேப்பெண்ணெய் நாற்றம் கிளம்பி வந்துகொண்டேயிருந்தது. தமயந்தி மூச்சை அடக்கிப் பார்த்தாள். அடக்கினால் நாற்றம் போய்விடவில்லை, நாக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பூண்டையும் பழைய கயிற்றையும் சேர்த்து மென்ற யாரோ அவள் வாய்க்குள் ஊதியதுபோல. சரி, இழுத்தே விடலாம் என்று இழுத்தால் வலது விலாவுக்கு அடியில் ஒரு குத்து. கோணி ஊசி குத்து. இது விடிந்தபோது இல்லை. பல் தேய்த்து வாளிக்குள் கொப்பளித்தபோது இல்லை, பொங்கல் சாப்பிட்டபோது இல்லை, கால் உருவிய பிறகுதான் வந்தது. அதற்கும் இதற்கும் எதற்கு முடிச்சுப் போட வேண்டும், வாயுதான். ஆஸ்பத்திரிப் பொங்கலில் மிளகைவிட வனஸ்பதி அதிகம், வாயு பிடிக்காமல் என்ன செய்யும். மேலாக மூச்சு விட்டால் குத்தவில்லை. வெயிலில் நாய் இளைக்குமே, அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக. நாய் என்று நினைத்ததும் நாயின் நாக்கு நினைவுக்கு வந்தது, அதிலிருந்து ஒழுகும் நீர் நினைவுக்கு வந்தது, முகத்தைத் திருப்பினாள். திருப்பிய பக்கம் அவளுடைய நாத்தனார் பேச்சியம்மாள் ஸ்டூலில் கால் அகட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சுளையை வாயில் போட்டு, சாற்றை உறிஞ்சி, கொட்டையை உள்ளங்கையில் துப்பி, அந்தக் கொட்டைகளோடும் எச்சிலோடும் இருந்த அதே கையால் அடுத்த சுளையைப் பிய்த்து நீட்டினாள். “இந்தா தாயி, ஒரு சுளை. நாக்கு வறண்டு கெடக்குமில்ல.” “வேணாம் மதினி, வயிறு மந்தமா இருக்கு.” “மந்தத்துக்குத்தான் ஆரஞ்சு.” “பொறவு திங்கிறேன்.” பேச்சியம்மாள் தோளைக் குலுக்கிவிட்டு அந்தச் சுளையையும் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நல்லவேளை. நல்லவேளை என்று நினைத்ததற்கே தமயந்திக்கு உள்ளூரக் குறுகுறுத்தது. எத்தனையோ வருஷம் முகம் கொடுத்துப் பேசாத மனுஷி, அருப்புக்கோட்டைக்கு அந்தப்பக்கமிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரைக்கு வந்திருக்கிறாள், அவள் கைச் சுளையை வாங்கித் தின்னத்தான் முடியவில்லை.

உருவக் கூடாது என்று டாக்டர் ஹஸீனா நேற்றே சொல்லியிருந்தாள். சின்னப் பெண், தமயந்திக்கு மகள் இருந்தால் அந்த வயசு இருக்கும். ஸ்கேன் பார்த்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் நின்று, இடது முழங்காலுக்குப் பின்னாலிருந்து தொடை வரை விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டி, இந்த இரத்தக் குழாய்க்குள்ளே இரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்குதும்மா, கரையறதுக்கு ஊசி போடுறோம், ஆனா யாரும் இந்தக் காலை அமுக்கக் கூடாது, உருவக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, கட்டி பிய்ஞ்சு மேலே போச்சுன்னா நேரா நுரையீரல்ல போய் அடைச்சுக்கும், உசுருக்கே ஆபத்து என்றாள். நேராக இவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அப்போது பேச்சியம்மாள் இல்லை. புருஷன் சோலையப்பன் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார். கேட்டது தமயந்தி மட்டும்தான். கேட்டு, புரிந்து, தலையாட்டியவளும் அவள்தான். எதனால டாக்டர் இப்படி வந்துச்சு என்று வேறு கேட்டு வைத்தாள், கேட்காமல் இருந்திருக்கலாம். குதிகால் வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து கால் வீங்கியதல்லவா, அந்தக் கிருமியைப் பிடிக்க வெள்ளணுக்கள் கூட்டமாக வந்தன என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். வெள்ளணு என்றதும் தமயந்திக்கு வெள்ளைச் சட்டை போட்ட போக்குவரத்துக் காவலர்கள்தான் மனசில் வந்தார்கள். சலவை செய்த சட்டை, விசில், ஒழுங்கு. அது இல்லையாம். சில வெள்ளணுக்கள் கிருமியைக் கண்டால் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்ளுமாம். உள்ளே உயிரின் குறிப்பெல்லாம் சுருட்டி வைத்திருக்கிற நூல் இருக்கிறதே, அதை உருவி வெளியே வலையாக வீசிவிட்டுச் செத்துப்போகுமாம். பிசுபிசுப்பான வலை. அதில் கிருமி ஒட்டிக்கொள்ளும். கிருமி மட்டுமா, அந்தப் பக்கம் தன் வேலையாகப் போகிற சிவப்பணுவும் தட்டணுவும்கூட ஒட்டும். இன்னொரு வகை வெள்ளணு, உறைந்துகொள் என்று இரத்தத்துக்குச் சொல்லிவிடுமாம். “கெட்டது இல்லைம்மா அது. கிருமி உடம்பு பூரா ஓடிடாம வழியை மறிக்கிற வேலை. என்ன, சில நேரம் அதுக்கு நிறுத்தத் தெரியாது. கொரோனாவுல நுரையீரல் அடைச்சுப் போனவங்கள்ல நிறையப் பேருக்கு உள்ளே நடந்தது இதுதான்.” அது மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது, அசையாமல் படுத்துக் கிடந்ததும் சேர்ந்துகொண்டது என்றும் சொன்னாள். தமயந்தி அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. சாக்கடை ஓரத்தில் மழைக்குப் பிறகு கிடக்கும் தவளை முட்டைச் சரம் ஒன்று கண்ணுக்குள் வந்து நின்றுகொண்டது.

குடலை உருவி வீசுகிற ஜென்மங்கள். அவைதான் இத்தனை நாளும் தனக்குக் காவல் இருந்தன என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அவள் வீட்டுக் காவல் வேறு மாதிரி. விடிந்ததும் வாசல், பிறகு பின்கட்டு, பிறகு கழிவறை, மூன்றுக்கும் மூன்று விளக்குமாறு. பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் உள்ளே எடுப்பாள். ஊரெல்லாம் கொரோனாவுக்குப் பயந்து அதைச் செய்யத் தொடங்கியபோது, என் பொண்டாட்டி இதுல சீனியர் என்று சோலையப்பன் தெருவில் சொல்லிச் சிரித்தார். குழாயைத் திறந்த கை அசுத்தம், ஆகவே குழாயையும் கழுவிவிட்டுத்தான் மூட வேண்டும். வந்தவர்கள் குடித்த டம்ளர் வெந்நீரில் கிடக்கும். பின்கட்டை பினாயில் ஊற்றிக் கழுவும்போது செருப்புப் போடமாட்டாள், செருப்பே அசுத்தம். வெறுங்காலோடு அந்த வெள்ளைத் தண்ணீரில் நின்று தேய்ப்பாள், குதிகால் ஊறி, வெளுத்து, காய்ந்து, கோடைக் கண்மாய்போல வெடிக்கும். அந்த வெடிப்பில் ஒன்றுதான் சிவந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுத் துணி சுற்றிவைத்தாள். ஆஸ்பத்திரிக்கு வா என்று அவர் கூப்பிட்டபோதெல்லாம் மாட்டேன் என்றாள். அங்கே ஊர்ப்பட்ட ஜனம் தொட்ட பெஞ்சில் உட்கார வேண்டும். கால் வீங்கி, காய்ச்சலில் பத்துப் பதினைந்து நாள் படுக்கையிலேயே கிடந்தாள். ஒருநாள் துணியை அவிழ்த்தபோது வெடிப்பிலிருந்து சீழ் வந்தது. மஞ்சளாக, கட்டித் தயிரில் நீர் பிரிவதுபோல. அவள் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தாள். அந்தச் சீழ் என்பதே செத்துப்போன வெள்ளணுக்கள்தான் என்று இந்த டாக்டர் பெண் நேற்று சாவகாசமாகச் சொல்கிறாள். தனக்காகச் செத்தவை. அவற்றைத் துணியோடு சுருட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, புருஷனைத் தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குத் தூக்கிப்போகச் சொன்னாள். அப்படியென்றால் இத்தனை கழுவலும் எதற்கு? கழுவினதால் வெடித்தது, வெடித்ததால் புகுந்தது, புகுந்ததால் இவை வந்தன, இவை வந்ததால் உறைந்தது. வாசல் தெளித்த கையே குழியையும் வெட்டியிருக்கிறது. மறுபடியும் குத்து. வாயுதான்.

உறைந்த இரத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஸ்கேன் திரையில் அது வெறும் சாம்பல் நிறம். அவளுக்குத் தெரிந்த நிறம் வேறு. பேச்சியம்மாளின் மூத்த மகளுக்குக் காது குத்து, குலசாமி கோயிலில் கெடாவெட்டு. கல்யாணமான புதுசு. ஆட்டின் கழுத்துக்கு அடியில் ஈயப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மாள்தான் நின்றாள்; ஒரு கைப்பிடி உப்பு, கொஞ்சம் தண்ணீர், அதன் மேல் பீச்சிய இரத்தம். மணிக்கட்டு வரை தெறித்திருந்ததைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பாத்திரத்தை வேப்பமர நிழலில் வைத்துவிட்டு, வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். தமயந்தி அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். மேலே நுரை, நுரை அடங்கியது, அடங்கிய இடம் பளபளத்தது, பளபளப்பு மங்கி ஒரு தோல்போல ஆனது. யாரோ பாத்திரத்தை நகர்த்தியபோது உள்ளே இருந்தது அலையவில்லை. ஒரே துண்டாக அதிர்ந்தது. நுங்கு அதிரும், அப்படி. கருஞ்சிவப்பு நுங்கு. அதைக் கத்தியால் கட்டம் கட்டமாக அறுத்து, வேகவைத்து, தேங்காய்ப்பூ போட்டுப் பொரித்து, தம்பி பொண்டாட்டி, புதுப்பொண்ணு, அவளுக்குத்தான் முதல் அகப்பை என்று பேச்சியம்மாளே கொண்டுவந்து இலையில் வைத்தாள். சுற்றிலும் சொந்தம் முழுக்க உட்கார்ந்திருந்தது. தமயந்தி ஒரு துண்டை வாயில் போட்டாள். பல் பட்டதும் அது மாவாக உதிர்ந்து நாக்கில் பரவியது. ஈய வாசனை. விழுங்கத்தான் நினைத்தாள், சத்தியமாக விழுங்கத்தான் நினைத்தாள். இலையிலேயே, எல்லோரும் பார்க்க, துப்பினாள். பேச்சியம்மாள் அகப்பையோடு நின்றாள். “சாமிக்கு விட்ட கெடாவ துப்பிட்டியேடி. எங்க கை சமைச்சது உனக்கு நரகலா போச்சா?” என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு நல்லது கெட்டதில் பார்த்தால், “ஒம் பொண்டாட்டிய சாப்பிடச் சொல்லு, நாங்க தொடாத தட்டா பாத்து குடு” என்று தம்பியிடம் சொல்வாள், தமயந்தி காதில் விழும்படி. அந்தத் துண்டு எங்கும் போகவில்லை, இத்தனை வருஷம் சுற்றிவிட்டுத் தன் தொடைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று இப்போது தோன்றியது. தோன்றியதும் தொடைக்குள் அது அதிர்வதுபோல இருந்தது. துணிக்குள் கையை விட்டுத் தொடவும் பயம். தொட்டால் அதிரும்.

இன்று காலை, சோலையப்பன் குளித்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பேச்சியம்மாள் வந்தாள். கையில் ஒரு ஒயர் கூடை. எப்படி இருக்கே என்று கேட்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஏறி உட்கார்ந்து, தலையணை மேல் இருந்த வீங்கின காலை, கறிவேப்பிலைக் கட்டைத் தூக்குவதுபோல லேசாகத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குதிகாலில் கட்டு, அதற்கு மேலே பளபளவென்று விறைத்த தோல். அந்தக் காலை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. சோலையப்பன்கூட ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். “பூசணிக்காயாட்டம் ஆக்கி வச்சிருக்கியேடி” என்றாள் பேச்சியம்மாள். டி. எத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு டி. கூடையிலிருந்து பாட்டிலை எடுத்தாள், வேப்பெண்ணெய், கையில் ஊற்றி இரண்டு கையையும் உரசிச் சூடாக்கினாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மதினி, டாக்டர் வேண்டாமின்னாங்க. மூன்றே வார்த்தை. நாக்கின் நுனிக்கு வந்தது. ஆனால் அன்று துப்பிய தன் வாயிலிருந்து வேண்டாம் என்று வந்தால் மடியிலிருந்து காலை இழுக்க வேண்டும், இழுத்தால் அந்த முகம் மறுபடி அகப்பையோடு நின்ற முகமாகிவிடும். டாக்டர் சொன்னதாகவே எடுத்துக்கொள்ள மாட்டாள். என் கை பட்டா இவளுக்குக் கொமட்டும் என்றுதான் எடுத்துக்கொள்வாள். அது முழுப்பொய்யும் இல்லையே. நாற்றம் மூக்கில் ஏறியபோது குமட்டத்தான் செய்தது. குமட்டியதால்தான் வாயை மூடிக்கொண்டாள். ஒரு தடவை துப்பியதே போதும், இந்தத் தடவை விழுங்கிவிடுவோம். பேச்சியம்மாள் கணுக்காலில் ஆரம்பித்துக் கெண்டைக்கால் வழியாக முழங்கால் வரை, இரண்டு கட்டைவிரலையும் அழுத்தி, மேல் நோக்கி உருவினாள். ஊரில் சுளுக்கெடுக்கிற கை. மேல் நோக்கி, மேல் நோக்கி. இரவெல்லாம் தெறித்துக்கொண்டிருந்த கால் லேசானது. இதுதான் எல்லாவற்றிலும் கேவலம், சுகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, போதும் என்று சொல்லாமல், கிடந்தாள். முடிந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள், நர்ஸ் வந்தால் பார்த்துவிடக் கூடாதே என்று.

நர்ஸ் வந்தாள்தான். பிரின்ஸி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட்டாள். முந்தின ஊசிகள் போட்ட இடமெல்லாம் கத்திரிக்காய் நிறத்திலும் பச்சையாகவும் கன்றிப் போயிருந்தது. தன் வயிறா இது, அழுகின காய்கறிக் கடை. “என்ன ஒரு மாதிரி வாடை அடிக்குது?” என்றாள் பிரின்ஸி மூக்கைச் சுருக்கி. “ஆரஞ்சு” என்றாள் தமயந்தி. ஆரஞ்சா என்பதுபோல அவள் பார்த்தாள், அடுத்த கட்டிலில் யாரோ கூப்பிட்டார்கள், “வேற எதுவும் தொந்தரவு இல்லையே?” என்றபடியே நகர்ந்தாள். “இல்லை சிஸ்டர்.” இல்லை என்று ஏன் சொன்னாள்? சொன்னால் என்ன ஆகும் என்று வரிசையாகப் பார்த்தாள். கால் உருவினாங்க, விலாவில குத்துது. யாரு உருவினது? இவங்க. டாக்டர் பெண் பேச்சியம்மாளை வார்டுக்கு நடுவில் நிற்கவைத்துப் பேசுவாள், படிச்சுப் படிச்சு சொன்னோமே என்று. சோலையப்பன் வந்து அக்காவைக் கத்துவார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்கும். பேச்சியம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அடுத்த பேச்சு யார் சாவுக்கு? சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் வாயு. வாயு என்றால் சாயங்காலம் சரியாகிவிடும். வாயு இல்லையென்றால் இந்த நிமிஷம் ஒரு துண்டு, ஈயப் பாத்திரத்துத் துண்டு, கட்டம் கட்டமாக அறுத்ததில் ஒன்று, உள்ளே மேல் நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். போய்விட்டதோ? போய் உட்கார்ந்த இடம்தான் குத்துகிறதோ? அப்படியென்றால் பேச்சியம்மாள் கொன்றவள் ஆவாள். இல்லை, தெரிந்தும் காலைக் கொடுத்தவள்தான். பாவம், அவள் பிழைக்கவைக்கத்தானே வந்தாள். அந்த வெள்ளணுவும் அப்படித்தானே வந்தது. காப்பாற்ற வருகிறவை எல்லாம் எதற்கு இப்படி மேலே விழுந்து ஒட்டிக்கொள்கின்றன? எட்ட நின்று காப்பாற்றக் கூடாதா? நெற்றியில் வேர்வை. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நெஞ்சு படபடவென்று, ஓடிவந்தவளுக்கு அடிப்பதுபோல அடித்தது; படுத்துத்தானே கிடக்கிறேன், எங்கே ஓடினேன்? ஒரு ஈ வந்து ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்திரியில் உட்கார்ந்தது. விரட்டக் கை எழவில்லை. நாய் மூச்சும் இப்போது போதவில்லை.

இருமல் வந்தது. வரும் என்று தெரியாமல் வந்தது. ஒருதரம், இன்னொரு தரம், விலா கிழிந்ததுபோல இருந்தது, வாய்க்குள் ஏதோ வெதுவெதுப்பாக ஏறியது. கையை வைத்து மறைத்தாள். ஈய வாசனை. பார்க்காமலே தெரிந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் விழுந்திருந்தது, வாய்க்குள் இன்னும் இருந்தது. கையை மூடிக்கொண்டாள். வாயையும் மூடிக்கொண்டாள். தன் இரத்தம், தன் எச்சில், தன் கைக்குள், கொழகொழவென்று, விரலிடுக்கில் பிசுபிசுத்துக்கொண்டு, யாரும் பார்க்கக் கூடாது, கழுவ வேண்டும், குழாய் எங்கே, எழுந்துபோய்க் கழுவிவிட்டால் ஒன்றுமில்லை. எழ முடியவில்லை. பேச்சியம்மாள் ஆரஞ்சுத் தோலை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தாள். “என்னத்தா?” தமயந்தி தலையை மட்டும் ஆட்டினாள். “கையில என்ன?” தலை மறுபடி ஆடியது. பேச்சியம்மாள் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள். இழுக்கவில்லை, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று, அவரைக்காய் உரிப்பதுபோல ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே பார்த்தாள். சிவப்பு நூல் ஓடிய சளி. ஈயப் பாத்திரத்தை அசராமல் பிடித்த முகம் வெளிறிப்போனது. “ஏ நர்ஸம்மா! இங்க வா! ஏ தாயி, ஓடியா, ரத்தமா வருது!” வார்டு முழுக்கத் திரும்பியது. பிரின்ஸி ஓடி வந்தாள், போர்வையை விலக்கினாள், எண்ணெயில் மினுங்கிய காலைப் பார்த்தாள். “யாரு இதுல எண்ணெய் போட்டது? யாராவது உருவினீங்களா?” தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். “நாந்தான். நல்லா அழுத்தி உருவினேன். கூடாதுன்னு எனக்குத் தெரியாது” என்றது பேச்சியம்மாளின் குரல். பிறகு அது தன் பக்கம் திரும்புவது கேட்டது. “உனக்குத் தெரியுமாடி?” கண்ணைத் திறக்காமலே தமயந்தி தலையசைத்தாள், ஆமென்று. அவ்வளவுதான் என்று நினைத்தாள். கூடையை எடுக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். பிரின்ஸி டாக்டரைக் கூப்பிட்டபடி ஓடும் காலடிகள், எங்கோ தள்ளுவண்டியின் சக்கரம், ஆக்ஸிஜன் ஆக்ஸிஜன் என்று ஒரு குரல். கூடை எடுக்கும் சத்தம் மட்டும் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு கை புகுந்து அவளை நிமிர்த்தியது. வேப்பெண்ணெய், ஆரஞ்சு, பஸ் கம்பி, வேர்வை, எல்லா நாற்றமும் ஒன்றாக முகத்துக்கு நேரே வந்தது. கண்ணைத் திறந்தால், அவள் மோவாய்க்கு அடியில், கொட்டைகளைத் துப்பிய அதே உள்ளங்கை குழிவாக விரிந்திருந்தது. “வாயில வச்சிருக்கறத விழுங்காத. துப்பு.” தமயந்தி உதட்டை இறுக்கினாள். கையிலா? ஒருவர் கையிலா? “அன்னைக்கு அத்தனை சனத்துக்கு முன்னாடி துப்பத் தெரிஞ்சுச்சில்ல? மானங்கெட்டவளே, சொல்ல வேண்டியதச் சொல்லாம முழுங்கி முழுங்கித்தான் இங்க வந்து கெடக்க. இப்ப துப்புடி!” அருவருப்பு தொண்டை வரை வந்து நின்றது, அடங்கவேயில்லை. அடங்காமலே, அந்தக் கையில், துப்பினாள்.